பிரம்மதேசத்துக்கு வந்த ராடார் வண்டி

ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணிக்கு விழுப்புரத்தில் பஸ் ஏறினேன். திண்டிவனம் நாற்பது கிலோமீட்டருக்குள்தான். ஆனால் கூட்டேரிப்பட்டில் டிரைவர் டீ குடிக்க இறங்கியதைக்கூட என்னால் பொறுக்க முடியவில்லை. என் மனைவி தேன்மொழி இடிமழை ஆராய்ச்சிக் குழுவில் பொறியாளர். அவள் இயக்கும் ராடார் வண்டியை நான் பார்த்ததே இல்லை. இந்த முறை அது நின்றதோ அவள் பிறந்த ஊரில்.

திண்டிவனத்தில் மரக்காணம் பஸ்ஸுக்கு மாறினேன். பிரம்மதேசம் என்றதும் கண்டக்டர், "குடை வெச்ச லாரியப் பாக்கவா சார்? ஸ்கூலாண்ட நிக்குது" என்றார்.

குடை இல்லை, பெரிய வெள்ளைத் தட்டு. லாரியின் முதுகில் நின்று மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"சென்னை ராடாருக்கு இங்க மேகத்தோட மேல்பாதிதாங்க தெரியும். அடியில என்ன நடக்குதுன்னு பாக்க, நாமதான் பக்கத்துல போவணும்" என்றாள் தேன்மொழி.

மூன்று மணி இருக்கும். வெயில் சுள்ளென்று அடித்தது. வண்டிக்குள் இருந்த திரையில் செஞ்சிப் பக்கமிருந்து ஒரு சிவப்புத் திட்டு நகர்ந்து வந்தது. அவள் முகம் மாறியது. அம்மாவுக்குப் போன் செய்தாள். யாரும் எடுக்கவில்லை. பள்ளிக்குப் பின்னால் கொல்லையில் பத்துப் பதினைந்து பெண்கள் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். அவள் அம்மாவும் அங்கேதான்.

"நான் இத விட்டு வர முடியாது. ஜல்தி போய் எல்லாரையும் ஸ்கூலுக்குள்ள கூட்டிக்கினு வாங்க. பெரிய இடிங்க இது."

வரப்பில் ஓடினேன். சொன்னதும் ஒருத்தி சிரித்தாள். "வெயிலு இப்பிடிக் காய்து, எங்கேர்ந்து சார் இடி வரும்? பாதியில போனா கூலி யார் குடுப்பாங்க?"

என் மாமியார் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "எம்பொண்ணு சொன்னா சும்மா சொல்ல மாட்டா. எயிந்திருங்கடி."

அவர் நடக்கத் தொடங்கினார். முனகிக்கொண்டே மற்றவர்களும் வந்தார்கள். கடைசிப் பெண் படியேறும்போது புழுதிக்காற்று வந்துவிட்டது. ஊரே இருண்டது. கண்ணைப் பறிக்கும் வெளிச்சம், கூடவே ஓசை. அவர்கள் விட்டு வந்த கொல்லையின் நடுவே பனைமரம் ஒன்று கொட்டும் மழையிலும் எரிந்தது. சிரித்த பெண் என் மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

மழை விட்டதும் மாமியார் வண்டிக்குள் ஏறித் திரையைப் பார்த்தார். "நாங்க எங்கடி இருந்தோம்?"

பதிவான படத்தை ஓடவிட்டு, சிவப்பின் நடுவில் விரல் வைத்தாள் தேன்மொழி. மாமியார் மண் ஒட்டிய கையால் மகளின் கன்னத்தைத் தொட்டார். பிறகு வெளியே எட்டிப் பார்த்து, "அடியேய், வந்து பாருங்கடி!" என்று கத்தினார்.

மாலைத் தூறலில் நனைந்துகொண்டே கிளம்பினேன். கூட்டேரிப்பட்டு தாண்டியதும் சாலை காய்ந்து கிடந்தது. விழுப்புரத்தில் ஒரு சொட்டுகூட இல்லையாம். பக்கத்து சீட்டுக்காரர் என் நனைந்த சட்டையைப் பார்த்து, "அந்தப் பக்கம் மழையா சார்?" என்றார்.

"மழையா? என் மனைவி..." என்று ஆரம்பித்தேன். விழுப்புரம் வரும்வரை அவரைத் தூங்க விடவில்லை.