பக்கத்து சீட்டின் பிரேக்

காரணம் மட்டும் கேட்காதீர்கள். காரணம் கண்டுபிடிப்பதையே பிழைப்பாக வைத்திருப்பவருக்கே இன்றுவரை பிடிபடவில்லை. ஆனால் நடந்தது நடந்ததுதான். சம்பந்தப்பட்டவர் கூட்டிச் சொல்லும் ஆசாமியும் இல்லை. 'வண்டியில் கடகடவென்று சத்தம்' என்று யாராவது வந்தால், 'கடகடவா, இல்லை கடக்... கடக்கா?' என்று நிறுத்தி வைத்து விசாரிக்கிறவர்.

கார் எலெக்ட்ரீஷியன். கோளாறு பார்க்கும் கருவியைக் கையிலிருந்து இறக்கவே மாட்டார் என்பதால் 'ஸ்கேனர்' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

அவருடைய தங்கை இரண்டு மாதத்துக்கு முன் ஒரு பழைய கார் வாங்கினாள். மகளைப் பின்சீட்டில் உட்காரவைத்துப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, அப்படியே வேலைக்குப் போவாள். அந்தக் கார்தான் திடீர் திடீரென்று தானாக பிரேக் போட்டது. எதிரில் ஈ காக்கை இல்லாத நேரான சாலையில்! முந்தின நாள், பின்னால் வந்த லாரி ஒரு முழ இடைவெளியில் நின்றிருக்கிறது.

"அடுத்த லாரிக்காரனும் நிறுத்துவான்னு என்னண்ணா நிச்சயம்? பின்சீட்டுல பாப்பா இருக்கா" என்றாள்.

ஸ்கேனரின் சந்தேகம் ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் மேல் விழுந்தது. வண்டி வழுக்கினால் தானே சக்கரத்தைப் பிடித்து நேராக்குகிற ஏற்பாடு அது. சென்சார் தப்பாகச் சொன்னால் வழுக்காத வண்டியையும் பிடித்துவிடும். அதன் மஞ்சள் விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. சக்கர சென்சார்களைச் சுத்தம் செய்தார். ஸ்டியரிங் சென்சாரை மாற்றினார். விளக்கு அணைந்தது. வியாதி போகவில்லை.

நல்ல மத்தியானம். கிடங்குகளுக்குப் பின்னால் ஆளில்லாத சாலை. ஓட்டிப் பார்த்தே கண்டுபிடிப்பது என்று கிளம்பினார்கள். முன்னால் ஏறப் போனவர் கீழே பார்த்தார். பக்கத்து சீட்டுக்குக் கீழே கிடந்த ரப்பர் விரிப்பு, அவரே புதிதாக வாங்கிப் போட்டது... குதிகால் வைக்கும் இடத்தில் ஓட்டையாகத் தேய்ந்திருந்தது.

"இங்க யாரு உட்காருவா?"

"யாருமே உட்கார்றதில்லையே."

என்னவோ தோன்றியது. பின்சீட்டில் போய் உட்கார்ந்தார். தங்கை வண்டியை எடுத்தாள்.

கிரீச்ச்ச்!

கருவியின் திரையைப் பார்த்தார். ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் சும்மா கிடந்தது. பிரேக் மிதி மட்டும் 'அழுத்தப்பட்டது' என்று காட்டியது. கம்ப்யூட்டர் பிடித்திருந்தால் அப்படிக் காட்டாது. இது காலால் போட்ட பிரேக்.

"நீயே மிதிச்சிட்டு என்னை வெயில்ல அலைய விடுறியா?"

"என் கால் ஆக்சிலேட்டர்லதான் இருந்துச்சு!"

"சைக்கிளைச் சுவத்துல மோதிட்டு, சுவரு நகர்ந்து வந்துச்சுன்னு சொன்னவதானே நீ."

"இறங்கறேன். நீயே ஓட்டிப் பாரு."

ஸ்டெபிலிட்டி கண்ட்ரோலின் ஃப்யூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். இனி எந்தக் கம்ப்யூட்டரும் பிரேக் போட முடியாது. தங்கையை மர நிழலில் நிறுத்திவிட்டுத் தனியாகக் கிளம்பினார்.

நாற்பது. ஐம்பது. ஒன்றும் இல்லை.

டிங்... டிங்... டிங்...

பெல்ட் போடச் சொல்லும் மணி. அவர் போட்டிருந்தார். மின்னியது, ஆள் உட்கார்ந்தால் மட்டும் எரிகிற பக்கத்து சீட்டின் விளக்கு.

கீழே பார்த்தார்.

பிரேக் மிதி தானாக இறங்கிக்கொண்டிருந்தது.

அவசரமாகக் கால் விரல்களை அதன் அடியில் கொடுத்து மேலே தூக்கினார். முடியவில்லை. ஒரு ஆளின் முழு பலம்... மிதித்தது. விட்டது. மிதித்தது. விட்டது.

நகம் பெயர்ந்தது.

வண்டி நின்றது.

பட்டறைக்கு வந்ததும் தரைவிரிப்பைக் கிழித்துப் பார்த்தார். கிடைத்துவிட்டது! பிரேக் மிதியிலிருந்து பக்கத்து சீட்டுப் பக்கமாக நீட்டிக்கொண்டிருந்தது, ஒடிந்த இரும்புக் கம்பி ஒன்று. டிரைவிங் ஸ்கூல் வண்டி! அங்கே மாஸ்டருக்கென்று பக்கத்து சீட்டிலும் ஒரு பிரேக் இருக்கும். அதை அவிழ்த்தவர்கள் கம்பியை மட்டும் விட்டுவிட்டார்கள். எதிலோ மாட்டி அதுதான் மிதியை இழுக்கிறது. வேறென்ன? அப்படித்தான் தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டார்.

கம்பியை அடியோடு அறுத்தார். பத்து சுற்று ஓட்டிப் பார்த்தார். வண்டி சாதுவாக ஓடியது. தங்கை சிரித்த முகத்தோடு, மகளை அழைத்துவரக் கிளம்பினாள்.

ஸ்கேனருக்கு மனசு ஆறவில்லை. வண்டியை விற்ற தரகரிடம் நம்பர் வாங்கி, டிரைவிங் ஸ்கூல்காரரைப் பிடித்தார்.

"ஏன் சார், பாதிக் கம்பியை உள்ளேயே விட்டுட்டு விக்கிறீங்களே, நியாயமா?"



"அது நாங்க விட்டது இல்லைங்க. ஓடும்போதே ஒடிஞ்சது. இறக்கத்துல, கத்துக்க வந்த பொண்ணு பயத்துல பிரேக்குக்குப் பதிலா ஆக்சிலேட்டரை மிதிச்சிடுச்சு. எங்க மாஸ்டர் தன் பக்கத்து பிரேக்கை மிதிச்சிருக்காரு. கம்பி ஒடிஞ்சு போச்சு. அப்புறமும் மிதிச்சு மிதிச்சுப் பார்த்திருக்காரு... நிக்கலை. அவரை வெளியே எடுக்கும்போது கால் அந்த மிதி மேலயேதான் இருந்துச்சு."

"அவர்...?"

"அங்கேயே போயிட்டாருங்க."

ஸ்கேனரின் பார்வை தரையில் கிடந்த கம்பித் துண்டின் மேல் விழுந்தது.

தங்கைக்குப் போன் போட்டார். மணி அடித்தது. அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது...

மகள்தான் எடுத்தாள்.

"மாமா... அம்மா பிரேக் மிதிக்கிறாங்க... நிக்க மாட்டேங்குது மாமா..."

"ஹேண்ட் பிரேக்கைத் தூக்கச் சொல்லும்மா! அம்மாகிட்ட சொல்லு! ஹேண்ட் பிரேக்!"

"தூக்கியாச்சு மாமா!"

ஊரில் உள்ள அத்தனை வண்டிக்கும் வைத்தியம் பார்த்தவர், கையில் போனை வைத்துக்கொண்டு நின்றார். வெறுமனே நின்றார்.

ஒரு பெரிய சத்தம்.

பிறகு ஒன்றுமே இல்லை.

உயிர் போகவில்லை. சாலையோரம் கொட்டியிருந்த மணல் மேட்டில் ஏறி வண்டி கவிழ்ந்தது. தங்கைக்குத் தோள்பட்டை விலகியது. மகளுக்கு நெற்றியில் தையல். வண்டியை மூன்று மெக்கானிக்குகள் பிரித்துப் போட்டுப் பார்த்தார்கள். பிரேக்கில் ஒரு குறையும் இல்லை என்று மூவரும் அடித்துச் சொன்னார்கள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த மருமகளின் தலையை ஸ்கேனர் தடவிக் கொடுத்தார். அம்மா எத்தனை தடவை மிதித்தும் எப்படி நிற்காமல் போனது என்று, அவளிடம் கேட்கவில்லை; தனக்குத்தானே முனகினார்.

மகள் கண்ணைத் திறந்தாள்.

"அம்மா மட்டும் இல்ல மாமா. முன்னாடி உட்கார்ந்திருந்தவரும் மிதிச்சுக்கிட்டேதான் இருந்தாரு... பாவம், அவருக்கும் நிக்கலை."