தூங்கச் சொல்லும் உத்தியோகம்

போன வியாழக்கிழமை ஒரு கல்யாணப் பேச்சு நடுக்கூடத்தில் முறியப் பார்த்தது. காரணம்? பெண்ணின் அண்ணன் பகல் பதினோரு மணிக்குத் தூங்கிக்கொண்டிருந்தார்!

என்னைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும் — நான் ஒரு வேலையில் உட்கார்ந்தவன் இல்லை. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். உப்பளம், லாரி, துறைமுக மூட்டை... எல்லாம் பார்த்தாகிவிட்டது. இந்த வருஷம் புதுச்சேரியில் வாடகைக் கார் ஓட்டுகிறேன்.

அன்று சவாரி, பஸ் ஸ்டாண்டிலிருந்து முதலியார்பேட்டைக்கு. மெட்ராஸிலிருந்து பெண் பார்க்க வந்த மூன்று பேர் — பிள்ளை, அவர் அம்மா, அப்பா. அப்பா ஏகாம்பரம் பெரம்பூரில் ஒரு பஞ்சாலையில் மேஸ்திரி.

பெண் காந்திமதி. தகப்பனார் இல்லை. அண்ணன் தாமோதரனின் சம்பளத்தில்தான் குடும்பம் நடக்கிறது. அவர் விமானி. மீனம்பாக்கத்திலிருந்து திருச்சி, மதுரை, பெங்களூர் என்று டகோட்டா விமானம் ஓட்டுகிறார்.

மெட்ராஸிலேயே வீடு பிடித்தால் என்ன என்று கேட்பீர்கள். அம்மா வர மாட்டேன் என்கிறார். ஆகவே மனிதர் பஸ்ஸில் ஐந்து மணி நேரம் குலுங்கிப் போய், ஒன்றரை மணி நேரம் பறந்துவிட்டு, மறுபடி ஐந்து மணி நேரம் குலுங்கி வருகிறார். அவருக்குத் தரைதான் தூரம், வானம் பக்கம்!

காந்திமதிக்கு இது மூன்றாவது வரன். முதல் இரண்டு தடவையும் அண்ணன் வெளியூரில். 'ஆம்பளை இல்லாத வீடு' என்று வந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள். இந்தத் தடவை அண்ணன் வீட்டில் இருந்தார். அதுவே வினையாயிற்று.

திரும்பும் சவாரிக்காக நானும் கூடத்து வாசலோரம் உட்கார்ந்திருந்தேன். கேசரி வந்தது. காபி வந்தது. உள் அறையிலிருந்து குறட்டையும் வந்தது.

"யாரும்மா அது?" என்றார் மேஸ்திரி.

"எம் பிள்ளைதாங்க. மூணு நாளா வேலைக்குப் போவல. ரெஸ்டு" என்றார் பெண்ணின் அம்மா, வெள்ளந்தியாக.

மேஸ்திரியின் கையில் தம்ளர் பாதியில் நின்றது. பஞ்சாலைக்காரர்களுக்கு மூன்று நாள் வீட்டில் கிடப்பவன் என்றால் ஒரே அர்த்தம்தான் — சஸ்பெண்டு.

சத்தம் கேட்டுத் தாமோதரன் கைலியை இறுக்கியபடி வந்தார். "மொத்தமா இத்தனை மணி நேரம் பறந்தா, சட்டப்படி இத்தனை நாள் ஓய்வு எடுத்தே ஆவணுங்க. எடுக்கலேன்னாதான் தப்பு."

"இன்னாபா கதை வுடறே? முப்பது வருசமா மில்லுல கீறேன். வேலை பாக்காதே, போய்த் தூங்குன்னு எந்த மொதலாளி சொல்லுவான்? சஸ்பெண்டு ஆனவன்லாம் பொண்டாட்டிகிட்ட இதைத்தான் சொல்றான்!"

பிள்ளையின் அம்மா முந்தானையைச் சரிசெய்தார். கிளம்பலாம் என்பதற்கு அடையாளம். காந்திமதி கதவோரத்தில் கேசரித் தட்டைப் பார்த்தபடி நின்றாள்.

அப்போதுதான் வாசலில் தந்திக்காரரின் சைக்கிள் மணி. இன்னொரு விமானிக்குக் காய்ச்சலாம். ஓய்வு முடிந்துவிட்டதால் நாலு மணிக்குள் மீனம்பாக்கத்தில் இருக்கவேண்டும் என்றது தந்தி.

"பஸ்ஸுல போனா ஆவாது. நீங்க வர்றீங்களாண்ணே?" என்றார் தாமோதரன் என்னிடம்.

மேஸ்திரி துண்டை உதறித் தோளில் போட்டார். "நானும் வரேன். இவங்க ரெண்டு பேரும் பஸ்ல வரட்டும்."

நேரில் பார்த்துவிடுவது என்று தீர்மானித்துவிட்டார். காந்திமதிக்கும் அது புரிந்தது. "நாலு மணிக்குள்ள போயிடுவீங்கல்லண்ணே?" என்று மட்டும் என்னிடம் கேட்டாள்.

கோரிமேட்டில் நிற்கவில்லை. சில வருஷங்களுக்கு முன், பிரெஞ்சுக்காரர் ஆட்சியில், அங்கே பெட்டியைத் திறந்து காட்டாமல் நகர முடியாது. இப்போது எல்லை எங்கே இருந்தது என்றுகூடத் தெரியாமல் கார் தாண்டிவிடுகிறது.

மழை பெய்து ஓய்ந்திருந்தது. புளிய மரங்கள் வந்து வந்து பின்னால் போயின. வயலெல்லாம் தண்ணீர், தண்ணீரெல்லாம் மேகம். மதுராந்தகம் ஏரிப் பக்கம் வந்தபோது மேலே ஒரு வானம், கீழே ஒரு வானம்... நடுவில் என் பழைய கார். எஞ்சின் சத்தம்கூட வேறு யாருடைய காரிலிருந்தோ வருவதுபோல இருந்தது.

"மேலே இப்டித்தான் இருக்குமா?" மேஸ்திரியின் குரல் இறங்கியிருந்தது.

பின் சீட்டில் தாமோதரன் கண்ணைத் திறக்கவில்லை. "இதைவிட மெதுவாங்க. வேகமாத்தான் போறோம், ஆனா எதுவும் நகராது. கடல் விரிச்சுப் போட்ட துணி மாதிரி கெடக்கும்."

"உங்க ஊடு தெரியுமா?"

"வீடு தெரியாது. எங்க ஊரு மில்லு புகைக்கூண்டு தெரியும். அதை வெச்சு, இந்தப் பக்கம்தான் நம்ம தெரு, அம்மா இப்ப சோறு வடிப்பாங்கன்னு நெனச்சுக்குவேன். அதுக்குள்ள ஊரே பின்னால போயிடும்."

மேஸ்திரி ஏரியைப் பார்த்தபடியே கேட்டார்.

"பெரம்பூரு மில்லு?"

"மெட்ராஸைச் சுத்தி எறங்கறப்போ தெரியும்."

"அந்தக் கூண்டுக்கு அடியிலதான்பா நான் கீறேன்... முப்பது வருசமா." பிறகு, "நீ தூங்கு" என்றார்.

செங்கல்பட்டுக்கு அப்புறம் ஹாரன் அடித்ததற்கு என்னை முறைத்தார்!

காலையில் சந்தேகப்பட்டாரே என்று அவரைச் சொல்லி என்ன? நானும் அப்படித்தான். லாரியில் கிளீனராக இருந்த நாளில் நின்றபடியே தூங்கியிருக்கிறேன். படுத்துத் தூங்குகிறவன் எல்லாம் சோம்பேறி என்றுதான் இத்தனை நாளும் நினைத்தேன். அடுத்தவன் வேலையை நாம் பட்ட பாட்டை வைத்துத்தானே அளக்கிறோம்? தூக்கமும் வேலையில் சேர்த்தி என்று நமக்கு யார் சொன்னார்கள்?

மூன்றரைக்குப் போய்ச் சேர்ந்தோம். தாமோதரன் இறங்கித் தொப்பியை வைத்ததும் காலையில் கைலியோடு நின்றவரைக் காணோம். நடையே வேறு.

மேஸ்திரி கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். விமானம் ஓடியது, எழும்பியது, வெள்ளிப் புள்ளியாகி மேகத்தில் கரைந்தது. அதற்கப்புறமும் அவர் அங்கேயேதான் நின்றார்.

"பொண்ணு ஊட்ல சொல்லிடு. எங்களுக்குச் சம்மதம். தையில வெச்சுக்கலாம்."

"சொல்லிடறேங்க."

"கல்யாணத்தன்னிக்கு அவரு இருப்பாரா?"

"உறுதியாச் சொல்ல முடியாதுங்க. அன்னிக்கு எங்க பறக்கச் சொல்றாங்களோ..."

மேஸ்திரி அண்ணாந்து வானத்தைப் பார்த்தார்.

"அப்போ பந்தலைப் பெரிசாப் போடச் சொல்லு. மேலேருந்து தெரியணும்."