வாய்க்காலுக்கு அந்தப்பக்கம்

எங்க தெருவுக்குப் பின்னால ஒரு வாய்க்கா ஓடுது. இந்தக் கரை விழுப்புரம் மாவட்டம், அந்தக் கரை பாண்டிச்சேரி. இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் ஊரைப் பங்கு போட்டப்ப நட்ட கல்லு இன்னும் அங்கயே நிக்குது. நட்டவனுங்க கப்பலேறிப் போயி எந்தக் காலம் ஆச்சு! கல்லு மட்டும் எங்க உயிரை வாங்குது.

எங்க வீட்ல ஒரே ஒரு கறவை மாடு. வெடியகாலம் கறந்தா, எங்க வீட்டுக்காரர் கேனை வண்டியில கட்டிக்கினு போயி பாண்டி டீக்கடைங்களுக்கு ஊத்திட்டு வருவாரு. எங்க அடுப்பு எரியறதே அது மடியாலதான். எந்த ஊரு பாலுன்னு ஒருத்தனும் கேட்டதில்ல. மாட்டுக்கு ஒரு நோவுன்னாதான் கேப்பாங்க.

அந்தக் கரையில கூப்பிடு தூரத்துல ஒரு மாட்டாஸ்பத்திரி இருக்குது. அங்க இருக்கற டாக்டரு தங்கமான மனுஷன். ஆனா இந்தக் கரையில கால் வைக்கமாட்டாரு. "மேல கேட்டா நான்தான்மா பதில் சொல்லணும்"பாரு. அதனால எங்க ஊர்ல ஒரு பழக்கம். மாட்டுக்குக் காய்ச்சலோ கழிச்சலோ வந்தா, ஓட்டிக்கினு போயி அந்தக் கரை புளியமரத்துல கட்டிடுவோம். அவரு வந்து ஊசி போடுவாரு. எந்த ஊரு மாடுன்னு அவரும் கேக்கமாட்டாரு, நாங்களும் சொல்லமாட்டோம்.

போன ஐப்பசியில மாட்டுக்கு ஈத்து நோவு எடுத்துது. பனிக்குடம் ஒடைஞ்சு, கன்னுக்குட்டியோட ஒரு காலு மட்டும் வெளிய வந்து நின்னுபோச்சு. இந்தக் கரைக்குன்னு இருக்கற தமிழ்நாட்டு மாட்டு டாக்டருக்குப் போன் போட்டா, தூரத்துல பிரம்மதேசம் கிராமத்துல தடுப்பூசி போட்டுக்கினு இருக்கேன், முடிச்சிட்டு ஜல்தியா வர்றேன்னாரு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல.

"மரத்தாண்ட ஓட்டிடலாம் வா"ன்னாரு வீட்டுக்காரர்.

"நோவெடுத்த மாட்டையா?"

"வேற என்னாதான் பண்ணச் சொல்ற?"

எனக்கும் வேற தெரியல. சுத்தி நின்னவங்களும் அதைத்தான் சொன்னாங்க. எல்லாரும் அப்படித்தானே பண்ணிக்கினு இருந்தோம்.

பாவி மாடு, நான் கூப்பிட்டேன்னு எழுந்து வந்துச்சு. வாய்க்காலுக்குள்ள எறங்கினதும் முன்னங்காலு மடிஞ்சு சேத்துல படுத்துடுச்சு. இழுத்தோம், தள்ளினோம், வாலை முறுக்கினோம். ம்ஹூம், அசையல. அதுக்குள்ள சத்தம் கேட்டு பாண்டி டாக்டரு அந்தக் கரையில வந்து நின்னாரு.

"இன்னும் கொஞ்சம் இப்படித் தள்ளுங்கம்மா."

"படுத்த மாட்டை எங்க சார் தள்றது?"ன்னு கத்தினேன்.

அவரு கல்லைப் பாத்தாரு, மாட்டைப் பாத்தாரு. அப்புறம் செருப்பைக் கழட்டிட்டு எறங்கிட்டாரு. கையை உள்ள விட்டு, திருப்பி, இழுத்தாரு. பொட்டைக் கன்னு. மூச்சு இல்ல.

"வீட்லயே படுக்க வச்சிருந்தா..."ன்னு ஆரம்பிச்சாரு.

"வீட்ல கெடந்திருந்தா நீங்க வந்திருப்பீங்களா சார்?"

அவரு குனிஞ்சு வாய்க்கா தண்ணியில கையைக் கழுவினாரு. அந்த மனுஷனைத் திட்டவும் எனக்கு மனசு வரல.

மாடு பொழச்சிக்கிச்சு. செத்த கன்னை ஒடம்பெல்லாம் நக்கி நக்கி சுத்தம் பண்ணுச்சு. நக்கிட்டு, எழுந்திரிக்குதான்னு பாக்கும். மறுபடியும் நக்கும். நான் அது கழுத்தைக் கட்டிக்கினு சேத்துலயே உக்காந்து, "விட்டுடும்மா, போதும்மா"ன்னு சொல்லிக்கினே இருந்தேன். அது விடல.