அஞ்சாம் புதனோடு நின்ற வகுப்பு

சீமோன் என்ற பெயரைக் கிளடிஸ் முதன்முதல் கேட்டது எண்பத்தெட்டில், கொட்டாஞ்சேனையில், ஒரு வாடகை அறையில். பெயரோடு சேர்த்து ஒரு பொய்யையும் கேட்டாள். கலியாணப் பேச்சுக்கால் கொண்டு வந்தது, அவளின் தகப்பனுக்கு ஒன்றுவிட்ட தமையன் முறையான பாசையூர்க்காரர் ஒருவரின் பெண்சாதி.

"பெடியன் கனடாவில, தமக்கை யூஜினியோட இருக்கிறான். பச்சைத் தண்ணி மாதிரி," என்றா.

பச்சைத் தண்ணியாம்! அந்த ஆளின் வாயில் தண்ணி பட்டதே சாராயத்தோடு கலந்துதான். தமக்கைக்குத் தெரியும், பேசி வந்தவவுக்கும் தெரியும். விமானம் ஏறி வந்தவளுக்குத்தான் தெரியாது.

ஸ்காபரோவில் ஆறு வருசம் கிளடிஸ் பொறுத்தாள். தொண்ணூற்றிநாலில், ஆரோ ஒரு பிள்ளை தேவாலயத்தில் முதல்நன்மை வாங்கிய விருந்தில் நிறையக் குடித்துவிட்டு, சீமோன் காரைக் கொண்டுபோய் பஸ் தரிப்பில் ஏற்றினான். அங்கே நின்ற ஒரு கிழவிக்கு இடுப்பெலும்பு முறிந்தது. கிளடிஸ் மூன்று வயது மகளோடு ஆசுப்பத்திரிக்குப் போனாள், மன்னிப்புக் கேட்க. கிழவியின் மகன் வாசலிலேயே திருப்பி அனுப்பினான். அவன் செய்தது சரி. வழக்கு முடிய அடுத்த வருசமாயிற்று. பதினெட்டு மாதம் மறியல், கம்பிக்குள்ளே.

மறியலில் புதன்கிழமைப் பின்னேரங்களில் ஒரு வகுப்பு வைத்தார்கள். குடியாலும் போதைத் தூளாலும் உள்ளே வந்தவர்களுக்கு, வாரம் ஒரு தரமாக எட்டுக் கிழமை. ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்து படிப்பித்தா. கிளடிஸ் பார்க்கப் போனபோது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து, ரெலிபோனைக் காதில் வைத்துக்கொண்டு சீமோன் சொன்னான்:

"முதல் நாள் ஒரு முந்திரிகை வத்தலைத் தந்து, அஞ்சு நிமிசம் விழுங்காமல் சப்பச் சொன்னா. மனிசிக்கு விசரெண்டு நினைச்சன்."

"பிறகு?"

"குடிக்கிற எண்ணம் வந்தால் அதோட சண்டை பிடிக்காதை, பின்னால ஓடவும் வேண்டாம். உடம்பில எங்க நிக்குதெண்டு பார், மூச்சைப் பார் எண்டு சொன்னா. எனக்கு இஞ்சதான் நிண்டது." நெஞ்சுக்குழியைத் தொட்டான். "பாத்துக்கொண்டிருந்தன். ஏறிச்சுது, பிறகு தானாய் இறங்கிச்சுது."

இனித் தொடமாட்டேன் என்று அவன் சொல்லவில்லை. அதனால்தான் கிளடிஸ் முதல்தரம் அவனை நம்பினாள். எட்டுக் கிழமையும் முடித்தால் வகுப்புக்காரி கடிதம் தருவா. அதைப் பார்த்துத் தவணைக்கு முன்னமே விடுவார்கள்.

கார்த்திகையில் மறியல் கந்தோரிலிருந்து கிளடிசுக்கு வேறொரு கடிதம் வந்தது. விடமாட்டார்களாம். வகுப்பை அஞ்சாம் புதனோடு விட்டுவிட்டானாம். அந்தக் கிழமை அவனைப் பார்க்கப் போனது தமக்கை யூஜினி.

கிளடிஸ் சப்பாத்தின் நாடாவைக்கூடக் கட்டாமல் டோர்செட் பார்க்கில் யூஜினியின் வீட்டுக்கு ஏறிப் போனாள். யூஜினி ஒளிக்கவில்லை.

"ஓம், நான்தான் மறிச்சனான். கண்ணை மூடி மூச்சைப் பாக்கிறது பிக்குமாரின்ர வேலை. எண்பத்திமூண்டில எங்களை எரிச்ச சிங்களவங்கட சமயத்தை என்ர தம்பிக்குப் படிப்பிக்கினமோ? அம்மான்ர செபமாலையைக் கண்ணாடியில ஒட்டிப் பிடிச்சு, அம்மா மேல சத்தியம் வாங்கினனான்."

"மச்சாள், அந்த வகுப்பில எந்தச் சாமியும் இல்லை. கதிரையும் மூச்சும்தான்."

"உமக்கென்ன தெரியும்?"

"கட்ட முந்தி அவர் குடிக்கிறது எனக்குத் தெரியாது. அதை மறைச்சுக் கட்டி வைச்சது நீங்கள். அவர் போத்திலோட திரியேக்க உங்கட செபமாலை எங்க கிடந்தது? பெட்டிக்குள்ளயோ?"

யூஜினி கதவைச் சாத்தினா.

அடுத்த ஞாயிறு கிளடிஸ் மறியலுக்குப் போனாள். சீமோன் தலையைக் குனிந்தபடி, "அம்மா மேல சத்தியம், கிளடிஸ். என்னெண்டு முறிக்கிறது?" என்றான்.

கிளடிசுக்குப் பற்றி எரிந்தது. "குடிக்கமாட்டன் எண்டு அதே அம்மா மேல எத்தினை தரம் சத்தியம் பண்ணினனீங்கள்? கலியாணம் முடிச்ச கிழமை ஒண்டு. பிள்ளை பிறந்த அண்டைக்கு ஒண்டு. பின்னேரமே முறிச்சனீங்கள். உங்களுக்கு நன்மை வாற சத்தியம் எல்லாம் முறியும், கேடு வாறது மட்டும் முறியாதோ? கேளுங்கோ. இதையும் முறியுங்கோ. இல்லாட்டி நானும் பிள்ளையும் இந்தக் கண்ணாடிக்கு முன்னால இனி இருக்கமாட்டம்."

ரெலிபோனைக் கொளுவிவிட்டு எழும்பி வந்தாள். அவன் என்ன சொல்ல வாயெடுத்தான் என்று பார்க்கவில்லை.

தை மாதம் வகுப்பு திரும்பத் தொடங்கியது. சீமோன் பெயர் கொடுத்தான். எட்டுப் புதனும் இருந்தான். அதற்காக ஒரு நாள்கூடக் குறைக்கவில்லை. விடுகிற நாளில்தான் விட்டார்கள். யூஜினி தம்பியோடு கதையை நிறுத்தினா. வாசலில் வந்து நின்றவனைக் கிளடிஸ் உள்ளே எடுக்கவில்லை. "எட்டுக் கிழமை எனக்குக் காணாது," என்றாள்.

இப்போது தொண்ணூற்றொன்பது. சீமோன் அஜக்ஸில் ஒரு வீட்டின் பேஸ்மென்ற் அறையில் தனியே இருக்கிறான், பாண் போடுகிற பேக்கரியில் வேலை செய்கிறான், குடிப்பதில்லை.