ஆரோக்கியமேரியின் வகுப்பைப் பார்க்க விக்கிரமங்கலத்துக்கு

வேப்பந்தட்டைக்குப் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் முதல் மூன்று வகுப்புகளையும் ஒரே அறையில் வைத்து நடத்துகிறேன். ஸ்மார்ட் போர்டு வந்த பிறகு வேலை எளிதாகிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். போன மாதம் ஒருநாள் கரண்ட் போனது. திரையில் வரும் பாடத்தை வரி பிசகாமல் கூடவே சொல்லும் ரம்யாவிடம் அதே பக்கத்தைப் புத்தகத்தில் காட்டினேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளை. ஒரு வரிகூடப் படிக்கத் தெரியவில்லை.

அன்று மாலையே ஆரோக்கியமேரிக்கு போன் செய்தேன். ஆசிரியர் பயிற்சியில் என்னோடு படித்தவள், இப்போது விக்கிரமங்கலம் பக்கம் டீச்சர். அவளிடமும் அதே போர்டுதான். ஆனால் அவள் பிள்ளைகள் படிப்பார்கள்.

"ஒன் வகுப்ப போன்ல வீடியோ எடுத்துக்கிட்டு சனிக்கெழம வூட்டுக்கு வாடி" என்றாள்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கிளம்பினேன். பெரம்பலூரில் ஒருமுறை, அரியலூரில் ஒருமுறை பஸ் மாற வேண்டும். அரியலூர் சாலையில் ஜன்னலோரம் உட்காராதீர்கள். சிமெண்ட் லாரிப் புழுதியில் என் புடவை வெளுத்துவிட்டது. அரியலூரில் முக்கால் மணி நேரம் நின்ற பிறகு ஒரு பஸ் வந்தது. விக்கிரமங்கலம் போகுமா என்று கேட்டேன். "போவும், ஏறுங்க டீச்சர்" என்றார் கண்டக்டர். எப்படிக் கண்டுபிடித்தார் என்று இன்னும் யோசிக்கிறேன்.

அவள் வீட்டில் டீ குடித்ததும், நாலாம் வகுப்பு டீச்சர் தன் போனில் எடுத்துக் கொடுத்திருந்த என் வகுப்பு வீடியோவைப் போட்டாள். பிள்ளைகளின் குரல் கணீரென்று கேட்டது. எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. அவள் சத்தத்தை நிறுத்திவிட்டு மறுபடி ஓட விட்டாள். முன்வரிசையில் மூன்று பேர் திரையைப் பார்த்து வாயசைக்கிறார்கள். மற்றவர்கள் அந்த மூன்று பேரின் வாயைப் பார்த்து அசைக்கிறார்கள். நான் ஓரமாக நின்று போனில் வருகைப் பதிவு போட்டுக்கொண்டிருக்கிறேன். கடைசி வரை தலை நிமிரவே இல்லை.

அடுத்து அவள் வகுப்பின் வீடியோ. ஒரு படத்தில் திரையை நிறுத்திவிட்டு, "இந்த ஆடு ஏன் கெணத்த எட்டிப் பாக்குது?" என்று கேட்கிறாள். ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள். அதையே கரும்பலகையில் எழுதிப் படிக்கவைக்கிறாள். தன் வாக்கியம் வந்ததும் ஒரு பையன் எழுந்து ஓடிப்போய்த் தொட்டுக் காட்டுகிறான்.

"இப்படித்தான் செய்யணும் மேரி. திங்கக்கெழமலேர்ந்து நானும் செய்றேன்."

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். "அது பழைய வீடியோ. இப்ப இப்படிச் செய்யறத நிறுத்திட்டேன்டி."

"ஏன்?"

"நான் படத்த நிறுத்திட்டுப் பேசுனா, போர்டு ஓடாத நேரம்னு கணக்காவுது. கல்வி ஆபீஸ்லேர்ந்து ரெண்டு தடவ விளக்கம் கேட்டுட்டாங்க. ஹெச்.எம். சாரும் பாவம், எத்தன நாள் எனக்காகப் பேசுவாரு? இப்ப ஓட விட்டுர்றேன். அதுங்களும் கூடவே சொல்லுதுங்க."

சண்டை போடச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். என்னிடம் விளக்கம் கேட்டால் நான் என்ன செய்வேன் என்பது எனக்கே தெரியும். எழுந்து போய் இருவருக்கும் சாப்பாடு எடுத்து வைத்தேன்.

இந்தப் பக்கம் வருகிறவர்கள் மதியமே திரும்பிவிடுங்கள். சாயங்கால பஸ்ஸை நம்ப முடியாது. ஆசிரியராக இருந்தால், உங்கள் வகுப்பை ஒருமுறை சத்தமில்லாமல் பாருங்கள். ஆரோக்கியமேரியின் வகுப்பைப் போய்ப் பாருங்கள் என்று எழுதத்தான் கிளம்பும்போது நினைத்திருந்தேன். இப்போது அங்கே போனால் நீங்கள் பார்க்கப்போவது என் வகுப்பைத்தான்.