சாத்தாங்காடு எடைமேடையில் செத்த ஃபைல்கள்

மெஷினுக்குள்ள உக்கார்ற எம்பெடட் போர்டோட மாரடிக்கிற சகோதர சகோதரிகளே, உங்களுக்குத் தெரியாததா? ஆபீஸ் மேசையில பசுவா இருக்கிற போர்டு, கஸ்டமர் இடத்துக்குப் போனாத்தான் கொம்பைக் காட்டும்.

ஆபீஸ்ல சமர்த்து

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்ல ஒரு எடைமேடை. லாரி ஏறி நின்னா, எடை எங்க கம்பெனி போர்டுல இருக்கிற நகம் சைஸ் ஃபிளாஷ் சிப்புல ஃபைலா பதியும். ஆனா தினமும் ஏதோ ஒரு நேரத்துல அன்னைக்கு எழுதின ஃபைல் செத்துப்போகும். திங்கள்னா காலங்காத்தால, செவ்வாய்னா மூணு மணிக்கு, வெள்ளின்னா பத்தரைக்கு. இதுல என்ன கணக்குன்னு மண்டையைப் பிச்சுக்கிட்டேன்.

போர்டைக் கழட்டி காலடிப்பேட்டை ஆபீசுக்குக் கொண்டாந்து ஒரு வாரம் ஓட்டினேன். ஒரு எழுத்து அழியணுமே, ஊஹூம்! மேனேஜர் எட்டிப் பாத்துட்டுச் சொன்னார்: "போர்டு நல்லாத்தான் கீது, உன்னைத்தான் செக் பண்ணணும்."

எலுமிச்சம்பழத்துக்குக் கீழே

திரும்ப மாட்டப் போனேன். போர்டுப் பெட்டி மேல சந்தனம், குங்குமம், உச்சியில ஒரு எலுமிச்சம்பழம். பழத்தை நகத்தாம சிப்பையே புதுசா மாத்திட்டு வந்தேன். மறுநாளும் ஃபைல் காலி.

ஓனர் தூத்துக்குடிப் பக்கத்து அண்ணாச்சி. அவருக்குச் சந்தேகம் மெஷின் மேல இல்ல, எடை போடற அந்தோணி மேல. லாரிக்காரங்களோட கூட்டு சேர்ந்து அழிக்கிறாராம். இந்த வாரத்துக்குள்ள நான் காரணம் சொல்லலைன்னா அந்தோணிக்கு வேலை போயிடும். ராயபுரத்துல வாடகை வீடு, படிக்கிற பிள்ளைங்க. மெயின் சுவிட்சை யாராவது ஆஃப் பண்றாங்களான்னு அண்ணாச்சியையே கேட்டேன். "நான் கல்லாவுல இருக்கையில எவன்மா மெயின்ல கை வைப்பான்?"

ஒன்றரை மணி

வியாழக்கிழமை காலையிலயே போய் போர்டு பக்கத்துல உக்காந்துட்டேன். மதியம் ஒன்றரை. லாரிங்க தானா ஓரங்கட்டிச்சு. அந்தோணி டீக்கடைக்கு நடந்தார். அண்ணாச்சி கல்லாவுலருந்து எழுந்து வந்தார், மெஷினைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டார், மெயினைப் படக்குன்னு இறக்கினார்.

அடப்பாவி மனுஷா, ராகு காலம்!

லாரி இல்லைன்னாலும் போர்டு எந்நேரமும் எதையாவது எழுதிக்கிட்டேதான் இருக்கும். எழுதறப்ப கரண்ட்டைப் பிடுங்கினா ஃபைல் அரைகுறையா நிக்கும். திரும்ப ஆன் ஆனதும் ஃபைல் சிஸ்டம் அதைக் குப்பைன்னு தள்ளிடும். சாயங்காலம் மூடறப்ப அந்தோணி பட்டன் அழுத்தி முறையா நிறுத்துவார், இவர் நேரா மெயின்ல கை வைக்கிறார். நான் போட்ட சத்தத்துல அந்தோணி டீ கிளாஸோட ஓடியாந்தார். விஷயம் கேட்டதும் தலையில கை வெச்சுக்கிட்டார்: "மாதா கோயிலுக்குப் போறவம்மா நானு, எனுக்கு ராகுவே கெடியாது, அது வந்து என் தலைல குந்திகினு கீது பாரு!"

அண்ணாச்சியின் தீர்ப்பு

தப்பு அந்தோணி மேல இல்ல, உங்க கை மேலதான்னு அண்ணாச்சிக்குப் படம் போட்டு விளக்கினேன். முகம் சுருங்கும்னு பாத்தா, பூரிச்சுப் போச்சு. "பாத்தியாம்மா, ராகு காலத்துல எழுதுனது நிக்காதுன்னு ஒன் சிப்புக்கே தெரியுது, ஒனக்குத் தெரியலையே!"

இனிமே பட்டன் அழுத்தி நிறுத்திட்டு அப்புறம் மெயினை இறக்குங்கன்னு கெஞ்சினேன். ராகு காலத்துல பட்டனைத் தொடமாட்டாராம். அந்தோணிகிட்ட ஒரு மன்னிப்பு? மூச்! ஆனா நேத்து வரைக்கும் திருடன்னு சொன்ன ஆளைக் கூப்பிட்டு மெயின் பெட்டிச் சாவியைக் கையில குடுத்தார்: "இன்னையிலருந்து நீயே நிறுத்துடே, ஒனக்குத்தான் ராகு கெடையாதே."

அன்னையிலருந்து அந்த எடைமேடையில ஒரு ஃபைலும் சாகல. நாலு வருஷம் எஞ்சினியரிங் படிச்ச நானும், எங்க புது கம்ப்ளைன்ட் வந்தாலும் போர்டு நம்பரைக் கேக்கறதுக்கு முன்னாடி கிழமையைத்தான் கேக்கறேன்.