இடிக்கச் சொன்ன பங்களா

அதுவரை மேடையில் நான் தோற்றதில்லை. தற்பெருமை என்போர் சொல்லிக்கொள்ளட்டும். வாங்கிய கோப்பைகள் என் பக்கம் இருந்தன. தென்காசியில் கல்லூரிகளுக்கிடையிலான சொற்போரின் இறுதிச்சுற்று. பழைய வீடுகளைப் பேணுவதா, இடிப்பதா என்பது தலைப்பு. குலுக்கலில் எனக்கு விழுந்தது இடிப்பது.

விழாக்குழுவினர் முதல்நாள் பிற்பகலே என்னைக் குற்றாலத்தில் கொண்டுபோய் இறக்கினார்கள். எங்கே? சாரலை அனுபவிப்பதற்கென்றே யாரோ ஒரு செல்வந்தர் நூறாண்டுக்கு முன் கட்டி, இப்போது செப்பனிடப்பட்டு விருந்தினர் இல்லமாகியிருந்த ஒரு பங்களாவில்! எதிரணியின் சதியோ என்று ஐயுற்றேன்.

ஆளுயரச் சன்னலைத் திறந்தேன். மேகம் உள்ளே வந்து கட்டிலில் அமர்ந்தது. மாடிப்படியின் தேக்குக் கைப்பிடியில், முதுகலை மாணவி என்ற மாண்பையும் மறந்து, சறுக்கி இறங்கினேன். மூன்றாம் முறை ஏறுகையில்தான் அச்சம் பிடித்தது. இந்த வீட்டில் மயங்கிவிட்டால் நாளை எந்த வாயால் இடிக்கச் சொல்வேன்?

உடனே கூடத்து நாற்காலிகளை அவையோராக வரிசையிட்டுக் கையை ஓங்கினேன்.

"இடியுங்கள்! இன்றே இடியுங்கள்! கடைசிச் செங்கல் உதிரும்வரை ஓயாதீர்கள்!"

உயர்ந்த கூரை என் குரலை வாங்கி இருமடங்காக்கித் தந்தது. அடடா, என்ன கூடம்!

"யாருட்டி அது, என் வீட்ட இடிக்கச் சொல்லுதது?"

வாசலில் வீட்டுக்காரப் பெண்மணி. ஆறாண்டுகள் கொத்தனார்களோடு மல்லுக்கு நின்று அந்த வீட்டை மீட்டவர் அவர்தான்.

"போட்டிக்குக்கா. குலுக்கல்ல விழுந்துட்டு."

அவர் அவையோரில் ஒருவராக அமர்ந்தார். "சும்மா கத்துத. விஷயம் ஒண்ணுமில்லயே! எழுதிக்கோ. மாடிக்குத் தண்ணி ஏறுததுக்குள்ள ஐந்தருவிக்கே போயி குளிச்சிட்டு வந்துரலாம். மழ பெஞ்சா பதினோரு இடத்துல ஒழுகும். ஒவ்வொரு வாளியும் ஒவ்வொரு சுருதி. புதுத் தாழ்ப்பாள் போட்டேன். ஒரே நாள்ல குரங்கு திறக்கப் படிச்சிட்டு! எனக்குத்தான் இன்னும் திறக்க வரல."

ஆறாண்டுக் குமுறலும் அருவியாய்க் கொட்டியது. சிரித்துச் சிரித்து என் கையெழுத்தே கோணியது.

மறுநாள் முன்வரிசையில் அவர். நான் அத்தனையையும் பேசினேன். வாளிகளின் சுருதியைப் பாடியே காட்டினேன். அரங்கம் குலுங்கியது. வெற்றி கைக்கெட்டிவிட்டதென்றே இறங்கினேன்.

நடுவர் எழுந்தார். "இந்தப் பெண் பேசப் பேச, அந்த வீட்டில் ஒருநாளாவது தங்கவேண்டும் என்ற ஆசைதான் எனக்கு வளர்ந்தது. பேணுவோர் அணிக்கே வெற்றி."

என் முதல் தோல்வி! அழுகை வரும் என்று காத்திருந்தேன்; சிரிப்புத்தான் வந்தது.

மண்டப வாசலில் அவரைப் பிடித்தேன். "அக்கா, இன்னும் ரெண்டு நாள் அங்கன தங்கிக்கிடட்டுமா?"

"இடிக்கச் சொன்னவளுக்கு ரூம் கிடையாது."

"அப்போ உங்க பக்கம் பேசுதேன்."

"எங்க, பேசு பாப்போம்."

கூட்டம் செருப்புத் தேடிக்கொண்டிருந்த இடத்திலேயே, அவையோரே என்று தொடங்கினேன். ஐந்தே நிமிடம். அவர் கைப்பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார்.